மூன்று மினுக்கல்

இரவு இரண்டேகால். மைனஸ் முப்பத்தெட்டு.
இன்னும் இரண்டு இறங்கினால்
செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும்
ஒரே எண்ணில் சந்திக்குமாம்.
ஒத்துப்போக அவை இரண்டுக்கும்
இவ்வளவு குளிர் வேண்டியிருக்கிறது.

உலை நின்றுபோனதை
மூக்கு நுனிதான் முதலில் சொன்னது.
கூடத்துச் சுவரில் தெர்மோஸ்டாட்
இருபத்தொன்று கேட்கிறது. இருப்பது பன்னிரண்டு.
கடன் கொடுத்தவனைப் போல
கேட்டதையே கேட்டுக்கொண்டு நிற்கிறது.

நிலவறைக்கு இறங்கினேன்.
இரண்டு ஜோடி காலுறை, வாயில் டார்ச்.
பிரேக்கரை அணைத்துப் போட்டேன்.
ஃபில்டரை உருவினேன்:
முழுக்கப் பூனை முடி,
ஆனால் குற்றவாளி அதுவல்ல.
முகப்புத் தகட்டைக் கழற்றி மாட்டினேன்.
தகடு சரியாக உட்காராவிட்டால்
உள்ளே ஒரு பொத்தான் கோபித்துக்கொள்ளும்,
அது போன வருஷத்துப் பாடம்.
உட்கார்ந்தது.
இன்றைய கோபம் வேறு யாருடையதோ.

சின்ன மோட்டார் ஒன்று சுழன்றது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
டிக்.
பிறகு ஒன்றுமில்லை.
கண்ணாடித் துளைக்குள் சிவப்புப் புள்ளி
மூன்று முறை மினுக்கி,
யோசித்து,
மறுபடியும் மூன்று.

அவசர எண்ணில் ஆர்மண்ட் லாவல்லே.
டிஸ்டேலில் இருக்கிறான்; நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
“வர வழியில்லை லெஸ்யா, லைனில் இருக்கேன்.”
பின்னால் ஒரு குழந்தை இருமியது.
“எத்தனை மினுக்கல்?”
“மூணு.”
“அப்ப நெருப்புல கோளாறு இல்லை, மூச்சுல.
காத்து ஒழுங்கா ஓடுதுன்னு
ஒரு குட்டி ஸ்விட்ச் நம்பினாத்தான்
நெருப்புக்கு அனுமதி. அது நம்பலை.”

ரப்பர் குழாயை இரண்டு முனையிலும் கழற்றினேன்.
ஊதச் சொன்னான், ஊதினேன்.
ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான்.
“கிழக்குச் சுவர்ல
வெள்ளைக் குழாய் ரெண்டு நீட்டிக்கிட்டு இருக்குமே,
அதைப் பார்த்தியா?”

நான் பதில் சொல்லவில்லை.

கிழக்குச் சுவர்.
நேற்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் வில்மா ஸ்டாடிக்,
“உன் பனி என் பாதையில் விழுது” என்றாள்.
இந்தக் குளிர்காலத்தில் பதினோராவது முறை.
தபால் நிலையத்தில் சொல்லியிருக்கிறாள்,
கர்லிங் கிளப்பில் சொல்லியிருக்கிறாள்,
என் பல் டாக்டருக்குக்கூடத் தெரியும்.
அதனால் நேற்று வாரிய பனியையெல்லாம்,
ஒரு கரண்டிகூட அவள் பக்கம் சிந்தாமல்,
இடுப்பு ஒடிய
என் சுவரிலேயே குவித்தேன்.
குவித்துத் தட்டியும் விட்டேன், இறுகட்டுமென்று.

ஊர்வாயை மூடத்தான் உலைமூடி கிடையாது.
உலைவாயை மூட
என் மண்வாரி போதுமானதாக இருந்தது.

கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் காற்றில் தோண்டினேன்.
முழங்கால் ஆழத்தில்
முதல் குழாயின் வளைவு தட்டுப்பட்டது.
வாய் நிறையப் பனிக்கட்டி;
சூப் கரண்டியின் காம்பால்
பல் பிடுங்குகிற மாதிரி நெம்பி எடுத்தேன்.
இரண்டாவது குழாய் லேசாகத்தான் அடைத்திருந்தது.
காதை வைத்துக் கேட்டேன்.
எனக்கே சிரிப்பு வந்தது.

கீழே வந்து அணைத்துப் போட்டேன்.
மோட்டார் சுழன்றது. டிக்.
துளைக்குள் ஒரு கம்பி
மெல்ல ஆரஞ்சாகி, வெளுத்து,
பிறகு
ஊஃப்.

“வந்துடுச்சு,” என்றான் ஆர்மண்ட்,
நான் சொல்வதற்கு முன்னால்.
தரையில் கிடந்த போன் வழியாக
அவனும் காது வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.
குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று
கேட்க வாயெடுத்தேன்,
அதற்குள் அடுத்த அழைப்புக்குப் போய்விட்டான்.

தோண்டிய பனியை எங்கே போட்டாய் என்று
அவன் கேட்கவில்லை.

பதினாறு டிகிரி ஆனபோது
சமையலறை ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
வில்மா வீட்டில் விளக்கு எரிந்தது.
அவள் பாதையின் நட்டநடுவில்
இடுப்புயரத்துக்கு ஒரு குன்று.

விடியட்டும்.
காபி போட்டு வைக்கிறேன்,
கத்த வருகிறவளுக்கும் சேர்த்து.